அடிக்குறிப்பு உள்ள கோப்புகள்

அக்காவின் போன் வந்தபோது சின்னவள் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் வெளியிட்ட புதுப் பதிப்பைப் பற்றி முன்பின் தெரியாத நாலு பேர் நல்ல வார்த்தை எழுதியிருந்தார்கள். காசு வாங்காமல் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல வார்த்தைதான் சம்பளம். அதை அவள் ஒரு தடவைக்கு மூன்று தடவையாகப் படித்தாள்.

சாவி செய்யும் கடைக்கு மேலே ஒரு அறை. அதில் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, எதிர்மேசையில் தாடி. கல்லூரியில் அவளோடு படித்தவன். தாடியை வைத்துத்தான் எல்லோரும் அவனை அடையாளம் சொல்வார்கள், எடுத்துவிட்டால் அவன் அம்மாவுக்கே சந்தேகம் வரும். இரண்டு பேரும் சேர்ந்து வருஷக்கணக்காக ஒரு ஆபீஸ் மென்பொருள் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடிதம், கட்டுரை, கணக்குப் பட்டியல், படக்காட்சி எல்லாம் பிரவுசருக்குள்ளேயே. எதையும் நிறுவ வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம், காசு கட்ட வேண்டாம். எழுதுவது எழுதுகிறவரின் கணினியிலேயே, பிரவுசரின் சொந்தக் கிடங்கில் இருக்கும். இவர்களுடைய சர்வருக்கு ஒரு எழுத்துகூட வராது. நெட் இல்லாவிட்டாலும் ஓடும். யார் எங்கிருந்து திறக்கிறார்கள் என்று பார்க்க மாட்டோம் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

'சேமி' என்கிற பொத்தானும் அதில் கிடையாது. அது சின்னவளின் பிடிவாதம். சேமிக்க மறந்து எத்தனை பேர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தக் கவலையே அவர்களுக்கு வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தாடி ஒரு வாரம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, உன்னிடம் யார் பேசி ஜெயிப்பது என்று விட்டுவிட்டான்.

"ஏய், உன் சாப்ட்வேர் என்னவோ பண்ணுதுடி," என்றாள் அக்கா. பின்னால் ஆஸ்பத்திரியின் லிஃப்ட் சத்தம் கேட்டது. அக்கா அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். "புக்கைத் திறந்தேன். கீழ அடிக்குறிப்பு மட்டும் நிக்குது. மேல எழுதினதைக் காணோம்."

சின்னவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்ப திறந்தே?"

"கிளம்பறதுக்கு முன்னாடி. நேரமாச்சு, அப்படியே விட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

"டேபை மூடினியா?"

"மூடல. லேப்டாப் மேசைமேல திறந்து கிடக்கு. ஏன், ஏதாவது பெருசா?"

"ஒண்ணும் இல்லக்கா. நீ வேலையப் பாரு. நான் பாத்துக்கறேன்."

"சரி. போனை லாக்கர்ல வைக்கணும். சாயங்காலம் பேசலாம்."

புக் என்று அக்கா சொன்னது பறவைகளின் வலசை பற்றிய ஒரு தடித்த நூலின் மொழிபெயர்ப்பு. வேலை முடிந்து வந்து, சமைத்து, துணி மடித்து, மிச்சம் கிடைக்கும் நேரத்தில் வருஷக்கணக்காக அவள் செய்துவந்தது. ஒவ்வொரு பறவைக்கும் தேடித்தேடி ஒரு அடிக்குறிப்பு போட்டிருந்தாள். ஒரு பதிப்பாளர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. தங்கை செய்த மென்பொருள் இருக்கும்போது வேறெதிலாவது எழுதினால் நன்றாகவா இருக்கும் என்று முதல் நாளிலிருந்தே இதில்தான் எழுதினாள். தனியாக ஒரு காப்பி எடுத்து வைக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு, அதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சின்னவள் சிரித்திருந்தாள்.

தப்பைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. பழைய கோப்புகளைப் புது வடிவத்துக்கு மாற்றுகிற பகுதி, சின்னவளே எழுதியது. அடிக்குறிப்பு உள்ள கோப்பைத் திறந்தால் அது அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு மேலே எழுதியதை விட்டுவிடுகிறது. சேமி பொத்தான் கிடையாதே, வெறுமையாகிப்போன கோப்பை அதுவே உடனே சேமித்தும்விடுகிறது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் சமர்த்தாக வேலையை முடித்துவிடுகிறது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. டேபை மூடாதவரைக்கும் பழைய எழுத்து அதன் நினைவில் இருக்கும். அன்டூ அழுத்தினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். மூடினாலோ, பக்கம் மறுபடி ஏற்றப்பட்டாலோ போயே போச்சு. அதற்குள் கடிதம் எழுதிக் கதறத் தொடங்கியவர்களுக்கெல்லாம் தாடி அதைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதில் போட்டுக்கொண்டிருந்தான். மூடாமல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். மூடியவர்களிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்தது, அல்லது அதுவும் வரவில்லை.

"சர்வரை நிறுத்திடலாமா?" என்றாள்.

"நிறுத்தி? நேத்தே எல்லார் கம்ப்யூட்டர்லயும் புதுப் பதிப்பு போய் உக்காந்துடுச்சு. நெட் இல்லாமலே ஓடும்னு பெருமை பேசினோமே, ஓடுது." தாடி விசைப்பலகையை இழுத்தான். "திருத்தம் தயார். போட்டா, திறக்கறப்பவே புதுசு வந்துடும். இனிமே யாருக்கும் அழியாது. போடட்டா?"

"இரு," என்றாள் சின்னவள்.

அவனுக்கும் அதே நொடியில் உறைத்தது. கை அப்படியே நின்றது. புதுப் பதிப்பு வெளியானால், திறந்திருக்கும் டேப்கள் எல்லாம் சில நிமிஷத்தில் தாங்களாகவே மறுபடி ஏற்றிக்கொள்ளும். பயனாளிக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அதையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். அந்த நிரல் வரி ஓடிக்கொண்டிருக்கும் பக்கங்களுக்குள் ஏற்கெனவே இருந்தது. இங்கிருந்து அதை நிறுத்த வழியில்லை. யார் எங்கே என்று பார்க்காததால் அக்கா வீட்டை மட்டும் விட்டுவைக்கவும் வழியில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொல்லேன்," என்றான் தாடி.

"லேப்ல இருக்கறப்ப கூப்பிட மாட்டாங்க," என்றாள், அவன் முடிப்பதற்கு முன்பே. "மாமாவும் ஊர்ல இல்ல. சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கு. நான் போறேன். போய் நெட்டை அணைச்சுட்டு, அன்டூ போட்டு புக்கை எடுத்துட்டா உனக்குச் சொல்றேன். அதுவரைக்கும் போடாதே."

"போ. ஆனா சீக்கிரம் போ," என்றான். அவன் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

பஸ் ஏறும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாலத்துக்கு முன்னால் வந்ததும் நின்றது. நின்றது என்றால் அசையவே இல்லை. முன்னால் எங்கோ ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நடத்துநர் சொன்னார், எந்தச் சலனமும் இல்லாத குரலில். இறங்கி நடந்தால் அக்கா வீடு இன்னும் பல மைல். சின்னவள் கம்பியைப் பிடித்தபடி முள்மேல் நிற்பதுபோல நின்றாள்.

தாடி கடிதங்களை ஒவ்வொன்றாக அவள் போனுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். வேண்டுமென்றே செய்கிறானோ என்று கோபம் வந்தது. வேண்டுமென்றேதான் செய்கிறான் என்றும், செய்ய வேண்டியதுதான் என்றும் தெரிந்தது. யாரோ ஒருவருடைய வழக்குக் குறிப்பு. யாரோ ஒருத்தி தன் மகளின் நோயைப் பற்றி மருத்துவர்களிடம் காட்டத் திரட்டிவந்த கட்டுரை. மூன்று தடவை மூடி மூடித் திறந்து பார்த்தாளாம்.

அப்புறம் ஒரு மாணவியின் கடிதம் வந்தது. அவள் வகுப்பில் எல்லோரும் ஆய்வேட்டை இதில்தான் எழுதுகிறார்களாம். காலையில் இவள் மட்டும் சீக்கிரம் வந்து தன்னுடையதைத் திறந்தாளாம், பக்கங்கள் காலி. மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்கள், வந்ததும் கணினிக்கூடத்தில் உட்கார்ந்து திறப்பார்கள், இன்று ஆசிரியரிடம் காட்ட வேண்டிய நாள். 'அதற்குள் சரியாகிவிடுமா?' என்று கேட்டிருந்தாள். தாடி உடனே பதில் போட்டிருந்தான்: யாரையும் திறக்க விடாதீர்கள். அவளிடமிருந்து மறுமொழி இல்லை. ஆய்வேடு என்றால் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புதான்.

பாலத்தில் எதுவும் நகரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் பழம் உரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது என்று அவர் சொல்லாமல் சொன்ன மாதிரி இருந்தது.

சின்னவள் ஆஸ்பத்திரியின் எண்ணை எடுத்தாள். வரவேற்பில் இருப்பவளை அவளுக்குத் தெரியும். அவசரம் என்றால் ஆளை அனுப்பிக் கூப்பிட்டு விடுவாள். அக்கா வருவாள். அக்காவிடம் என்னவென்று சொல்வது? உன் புத்தகத்தை அழிக்கட்டுமா என்றா? வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால்? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்புறம் அந்த வகுப்பை என்ன செய்வது? எண்ணை அழுத்தாமல் மூடினாள். தாடியைக் கூப்பிட்டாள்.

"போடு," என்றாள்.

"அக்கா வீட்டுக்குப் போயிட்டியா?"

புக்கை இன்னும் எடுக்கவில்லை என்றால் அவன் போட மாட்டான். அவனுக்கும் அவள் ஒரு அக்கா போலத்தான். அந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான். "போயிட்டேன். எடுத்துட்டேன். நீ போடு."

"பின்னால ஹாரன் சத்தம் கேக்குதே?"

"ஜன்னல் திறந்திருக்கு. போடுடா."

தட்டும் சத்தம் கேட்டது. "போட்டாச்சு," என்றான், பெருமூச்சோடு. "அப்பாடா. அக்கா புக் போயிருந்தா நான் இந்த ஜென்மத்துல அவங்க முகத்துல முழிச்சிருக்க மாட்டேன்." சின்னவள் போனை வைத்தாள். இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

லாரியை எப்போது எடுத்தார்களோ, பஸ் நகர்ந்தது. இறங்கியதும் ஓடினாள். இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது: மடிக்கணினி தானாகத் தூங்கிப்போயிருந்தால் திருத்தம் அதைத் தொட்டிருக்காது. பூட்டைத் திறந்தாள். உள்ளே பாய்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், முதலில் நெட் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பிறகுதான் மேசையைப் பார்த்தாள். திரை எரிந்துகொண்டிருந்தது. புதிய பதிப்பு தயார் என்று மூலையில் ஒரு சின்னக் கட்டம், அவளே தேர்ந்தெடுத்த இளம்பச்சை நிறத்தில். பக்கத்தின் அடியில் பறவைகளைப் பற்றிய குறிப்புகள் வரிசையாக நின்றன. மேலே எதுவும் இல்லை.

அன்டூ அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பிரவுசரின் கிடங்கைத் திறந்து தோண்டினாள், தெரிந்த வித்தையெல்லாம் செய்தாள். தாடியிடமிருந்து செய்தி வந்தது: அந்த மாணவி எழுதியிருக்கிறாள், மற்றவர்கள் எல்லோரும் திறந்தார்களாம், அவர்களுடையதெல்லாம் முழுசாக இருக்கிறதாம். கீழே ஒரு சிரிக்கும் முகம். அதைப் பார்த்துத்தான் சின்னவள் அழுதாள்.

அக்கா வந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். சின்னவள் ஒன்றையும் மறைக்கவில்லை. தப்பு யாருடையது, பாலம், மாணவி, தாடியிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னாள். அச்செடுத்துப் பதிப்பாளருக்குக் கொடுத்த முதல் சில அத்தியாயங்கள் தவிர மிச்சம் திரும்பாது என்பதையும் சொன்னாள்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு அடிக்குறிப்பாக மெல்ல நகர்த்திக்கொண்டு கடைசிவரை போனாள்.

"அந்தப் பசங்களுக்குப் போகலியே?"

"இல்லக்கா."

"நீ போடுன்னு சொன்னது எப்ப?"

"மத்தியானம். சாப்பாட்டு நேரம்."

"நானும் அப்ப கேன்டீன்லதான் உக்காந்திருந்தேன்," என்றாள் அக்கா. "ஆள் அனுப்பினா எழுந்து வந்திருப்பேன். உனக்குத் தெரியும்ல?"

சின்னவள் தெரியும் என்று தலையாட்டினாள்.

"வேணாம்னு சொல்லிடுவேன்னு பயந்துட்டே."

"ஆமாக்கா."

"போடுன்னுதான்டி சொல்லியிருப்பேன்." அக்காவின் குரல் உயரவே இல்லை. "அங்கயே உக்காந்து அழுதிருப்பேன், ஆனா போடுன்னுதான் சொல்லியிருப்பேன். என் புக் அது. குடுக்கறதா இருந்தா நான்தானே குடுக்கணும்?"

பையை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவ உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. சின்னவள் எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லை.