குருத்துக்குள் புழு

மாரி பிறந்தால் கச்சான் கடலை போடுவதுதான் வெருகல் ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஆட்களின் வழக்கம். இந்த முறை சோளன் போடுவோம் என்று முதலில் வாயைத் திறந்தவள் யசோதரா.

காரணம் இருந்தது. இரண்டு மாரியாகக் கச்சான் நிலத்துக்குள்ளேயே அழுகிப்போனது. கமநல சேவை நிலையத்தில் சோளன் வகுப்பு என்று அறிவித்தபோது மற்றவர்கள் கூலி வேலையை விட்டுவிட்டுப் போக முடியாமல் நின்றுவிட்டார்கள். அவள் போனாள். கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகிற விவசாயப் போதனாசிரியை சுஹைரா, எவ்வளவு இடைவெளி விட்டு விதை போடுவது, எப்போது பசளை வைப்பது என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். பூச்சி, நோய் எல்லாம் அடுத்த வகுப்பில் என்றாள். அந்த அடுத்த வகுப்புக்கு முன்னமே மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகி மூதூருக்கு அப்பால் கிண்ணியா றோட்டை மூடியது. சுஹைராவால் இந்தப் பக்கம் வர முடியவில்லை.

அதற்குள் யசோதரா விதைத்துவிட்டாள். அவளுடைய சோளன் வரிசை பிடித்து எழும்பிய அழகைப் பார்த்துவிட்டுத்தான் கணவனின் தங்கை கீர்த்தனி போட்டாள். பக்கத்துக் காணி ஞானசேகரம் கொஞ்ச நாள் வேலியில் நின்று பார்த்தார். "பிள்ளை, உன்னை நம்பித்தான் இறங்கிறன்" என்று சொல்லிவிட்டு அவரும் போட்டார். கொழும்பில் மேசன் வேலை செய்கிற கீர்த்தனியின் புருஷன்கூட டெலிபோனில், "மச்சாள் சொன்னாச் சரி" என்றான். அந்தச் சொல் யசோதராவுக்கு இனித்தது.

மழை விட்டு வெயில் அடித்த முதல் காலை, பயிருக்குள் நடந்தவள் நின்றுவிட்டாள். இலைகளில் சல்லடை போல ஓட்டை. குருத்துக்குள் மரத்தூள் கொட்டியது மாதிரி ஈரமாக ஏதோ கிடந்தது. விரலால் விரித்தாள். உள்ளே தடித்த புழு ஒன்று சுருண்டு திரும்பியது. அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். வரிசை முடியும் வரைக்கும் பார்த்துவிட்டு வரம்பில் குந்திவிட்டாள்.

சுஹைராவுக்கு அழைப்பு எடுத்தாள். விட்டுவிட்டுக் கேட்டது.

"படைப்புழு அக்கா அது. கண்டபாட்டுக்கு மருந்து அடிக்காதீங்க. படம் எடுத்து அனுப்புங்க, நான் பார்த்து..."

சிக்னல் போய்விட்டது. படம் அனுப்பினாள். போகாமல் சுற்றிக்கொண்டே நின்றது.

கணவன் கிருஷாந்தனுக்குப் பொறுமை இல்லை. அவனுடைய போனில் எவனோ தெரியாத ஒருவனின் வீடியோ இருந்தது. இரண்டு மருந்தைக் கலந்து அடித்தால் ஒரே நாளில் புழு செத்து விழும் என்று அந்த ஆள் சிரித்துக்கொண்டே காட்டினான். செத்த புழுக்களைக் கையில் அள்ளியும் காட்டினான்.

"சுஹைராப் பிள்ளை சொன்னதைக் கேளுங்கோவன். கண்டபாட்டுக்கு அடிக்க வேண்டாமாம்" என்றாள் யசோதரா.

"அந்தப் பிள்ளை வரட்டும், வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் புழு தின்னாமல் இருக்குமே?" என்றான். "உன்ர கதையைக் கேட்டு ரெண்டு குடும்பம் இறங்கியிருக்கு யசோ. நாளைக்கு அவையள் வந்து கேட்டா என்ன சொல்லப் போற?"

அவன் மருந்தைக் கலக்கும்போது அவள்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

உச்சி வெயிலில், சேர்ட்டும் இல்லாமல், வாய்க்கு ஒரு துணியும் கட்டாமல் அவன் மருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினான். காற்று எதிரே அடித்தது. அரைவாசிக் காணி முடிய முதலே வேகம் குறைந்தது. பிறகு செடிகளுக்கு நடுவில் தாங்கியோடு முழங்காலில் விழுந்தான். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாயால் நுரை வழிந்தது. உடம்பு குளித்தது போல வேர்த்திருந்தது. "கண் தெரியேல்ல யசோ" என்று மட்டும் சொன்னான்.

ஞானசேகரம்தான் பெட்டி பூட்டிய லாண்ட் மாஸ்டர் உழவு மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளம் நின்ற பள்ளத்தில் பெட்டிக்குள் தண்ணீர் ஏறியது. அவனுடைய தலையை மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முருகனைக் கூப்பிட்டாள், பிறகு தாயைக் கூப்பிட்டாள், பிறகு யாரையும் கூப்பிடாமல் அவனுடைய மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள். மூதூர் ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டு போனபிறகுதான் தன் கையிலும் மருந்து மணக்கிறது என்று தெரிந்தது.

உயிர் தப்பினான். ஆனால் மூச்சு விடக் குழாய் போட்டபடி கிடந்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறப்பான், பிறகு மூடிக்கொள்வான். மாமி இரத்தினேஸ்வரி வந்து மகனைப் பார்த்துவிட்டு, மருமகளைத் தாண்டிப்போய்க் கட்டிலின் மற்றப் பக்கம் இருந்தாள்.

கீர்த்தனி அழைப்பு எடுத்தாள். "மச்சாள், என்ர சோளனிலயும் வந்திட்டுது. சின்னப் புழு. என்ன செய்ய?" குரலில் அழுகை. யசோதரா போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். என்ன சொல்வது? அவளுக்குத் தெரிந்தது அடிக்கக் கூடாது என்பது மட்டும்தான். அடிக்காமல் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த கட்டிலில் இளைப்பு வருத்தத்தோடு ஒரு கிழவர் கிடந்தார். அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்த மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஊர் தோப்பூர், பெயர் றுக்கியா.

"சோளனா தங்கச்சி?"

"ஓம்."

"குருத்துக்குள்ள புழு?"

யசோதரா தலையாட்டினாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. றுக்கியா கோப்பையை வைத்துவிட்டு அவளைக் கதிரையில் இருத்தினாள்.

"போன மாரி எங்கட வயலை முழுக்கத் திண்டுட்டு. நாங்களும் மருந்துதான் அடிச்ச. சும்மா போச்சு. பெரிசாகினாப் புறகு அது அடிக்குருத்துக்குள்ள பூந்திரும், மருந்து போகாது. கந்தளாயில எங்கட சொந்தக்காரி ஒருத்தி பிறகுதான் சொன்னா. விடியக்காலையில இறங்கணும். இலைக்குக் கீழ பஞ்சு ஒட்டின மாதிரி முட்டை இருக்கும், நசிச்சுப் போடணும். குருத்துக்குள்ள காய்ஞ்ச குறுமணலை ஒரு சிட்டிகை போடணும். சின்னப் புழு எண்டா அதுல அறுபட்டுச் செத்துரும். ஒவ்வொரு செடியா, ஒண்டு விடாம."

"நீங்க செய்து பார்த்தீங்களா ராத்தா?"

"இந்த முறைதான் செய்ற. முழுக்கத் தப்பாது, பொய் சொல்லேலாது. பாதிக்கு மேல நிக்கிது." பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "உங்கட பயிருக்கு எவ்வளவு வயசு?"

யசோதரா சொன்னாள். றுக்கியா அவளுடைய கையைப் பிடித்தாள்.

"அதை விட்ருங்க தங்கச்சி. புழு பெரிசாகியிருக்கும். கை வீணா மினக்கெட்டுப் போகும். மற்ற ஆக்கள்ற சின்னப் பயிரைப் பாருங்க."

காலையில் முதல் பஸ்ஸுக்கு அவள் எழும்பினாள். கிருஷாந்தன் கண்ணைத் திறந்து பார்த்தான். "ஊருக்குப் போட்டு வாறன்" என்றாள். அவனுக்கு விளங்கியதா தெரியவில்லை. வாசலில் மாமி மறித்தாள்.

"புருஷன் இப்பிடிக் கிடக்கேக்க உனக்குச் சோளன் பெரிசாப் போச்சு, என்ன?"

"என்ர சோளனுக்கு இல்லை மாமி. கீர்த்தனியின்ரைக்கு."

மாமி விலகவில்லை. யசோதரா அவளைத் தாண்டிப் போனாள்.

பஸ்ஸால் இறங்கித் தன் காணியைக் கடந்துதான் போகவேண்டும். பார்க்காமல் போக முடியவில்லை. இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நரம்புகள் மட்டும் நின்றன. கிருஷாந்தன் விழுந்த இடத்தில் செடிகள் சரிந்து கிடந்தன. கால் தானாக உள்ளே இறங்கப் பார்த்தது. திரும்பினாள்.

கீர்த்தனியின் வீட்டு முற்றத்தில் ஊர் ஆட்கள் சிலர் நின்றார்கள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லவே தன் சொல்லுக்கு இப்போது எடை இல்லை என்பது தெரிந்தது. யாரும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"மணலைப் போட்டுப் புழுவைக் கொல்லுறதோ?" என்றார் ஞானசேகரம். அவர்தான் கிருஷாந்தனைக் கொண்டுபோனவர். அவருக்குக் கோபம் இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை. "பிள்ளை, ஒருக்கா உன்ர கதையைக் கேட்டம். போதும். நான் சோளனுக்குள்ள மாட்டை மேய விடப் போறன்."

அவர் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். கீர்த்தனி மட்டும் நின்றாள். அவளும் நம்பி நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல் நின்றாள்.

இருவரும் ஆற்றங்கரை மணலைச் சாக்கில் காயவைத்து, அரித்து, பழைய பால்மாத் தகரப் பேணிகளில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். குனிந்து, குருத்தை விரித்து, மணலை விட்டு, இலையைப் புரட்டி, முட்டையை நசித்து, அடுத்த செடி. மத்தியானத்துக்குள் முதுகு ஒடிந்தது. திரும்பிப் பார்த்தால் செய்தது ஒரு மூலை மட்டும்தான். கீர்த்தனி வரிசைக்கு நடுவில் இருந்து விம்மினாள்.

"ஏலாது மச்சாள். இதை எப்பிடி முடிக்கிறது?"

"முடிக்கிறதைப் பற்றி யோசிக்காத. அடுத்ததைப் பார்" என்றாள் யசோதரா. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அடுத்த விடியலில் ஞானசேகரத்தின் மனைவி பாக்கியரத்தினம் வேலியோரம் வந்து நின்றாள். "அவர் மாட்டை இன்னும் விடேல்ல" என்றாள். பிறகு, "எங்க, எனக்கு ஒருக்காக் காட்டு" என்று கையை நீட்டினாள். யசோதரா அவளுடைய விரலைப் பிடித்துக் குருத்தை விரித்துக் காட்டினாள். அன்று ஞானசேகரத்தின் காணியிலும் மணல் விழுந்தது. அவர் தூரத்தில் நின்றார். வரவில்லை. ஆனால் மாலையில் ஆற்றிலிருந்து இரண்டு சாக்கு மணல் கொண்டுவந்து வரம்பில் இறக்கிவிட்டுப் போனார்.

பின்னேரங்களில் மூதூருக்கும், விடியலில் வயலுக்குமாக அவள் அலைந்தாள். கிருஷாந்தனுக்குக் குழாயைக் கழற்றிய அன்று அவள் பக்கத்தில் இல்லை. முதலில் அவன் கேட்டது, "யசோ எங்க?" என்றுதானாம். மாமி அதை அவளிடம் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வெள்ளம் வடிந்து சுஹைரா வந்தபோது கீர்த்தனியின் சோளன் இடுப்புக்கு வந்திருந்தது. ஓட்டை விழுந்த இலைகளோடுதான், ஆனாலும் நின்றது. பாக்கியரத்தினத்தின் பயிர் அதைவிட மோசம், பாதிதான் தேறும். சுஹைரா ஒவ்வொரு குருத்தாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். பிறகு யசோதராவின் காணிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நான் வந்திருக்கணும் அக்கா. நடந்தாவது வந்திருக்கணும்."

"கிண்ணியாப் பக்கம் றோட்டே இருக்கேல்ல, எப்பிடி வாறது?" என்றாள் யசோதரா. கோபப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

கிருஷாந்தன் வீட்டுக்கு வந்தான். வாசலில் கதிரை போட்டு இருத்தினார்கள். பத்து அடி நடந்தால் இளைத்தது. இனித் தாங்கி தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கதிரையிலிருந்து பார்த்தால் அவர்களுடைய காணி தெரியும். மாடுகளுக்கு வெட்டிப்போட்டது போக அடிக்கட்டைகள் மட்டும் மிச்சம்.

"எங்கடையைக் கையை விட்டிட்டு அவையளின்ரையைப் பார்த்தனி, என்ன?" என்றான். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"எங்கட பிழைச்சிருக்காது."

"ஒரு மூலையாவது?"

அவள் யோசித்தாள். ஒரு மூலை தப்பியிருக்கலாம். யாருக்குத் தெரியும்?

"தெரியாது" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டுக் காணியையே பார்த்துக்கொண்டிருந்தான். கீர்த்தனி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். சுஹைரா அடுத்த கிழமை வகுப்பு வைக்கிறாளாம், மணல் போட்ட விதத்தை யசோதராதான் எல்லாருக்கும் காட்டவேண்டுமாம், ஞானசேகரமும் வருவாராம்.

"நான் வரேல்ல" என்றாள் யசோதரா. "நீ காட்டு. உன்ர கையாலதானே போட்டனி."

"எனக்கு நீங்கதானே மச்சாள் காட்டினது?"

கிருஷாந்தனுக்கு இருமல் தொடங்கியிருந்தது. யசோதரா அவனுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். கீர்த்தனி போகவில்லை. குசினிக்குள் போய் அடுப்பை மூட்டி, அவனுக்குச் சுடுதண்ணி வைத்தாள்.