மூன்று மூட்டைக் கோழி எரு

“முழுசா மூணு மூட்டையுமா கொட்டினீங்க?”

“தண்ணி பச்சையானாத்தான் மீன் கொழுக்கும்னு நீதானே சொன்ன?”

“வெயில் அடிக்கிற நாள்ல ஒரு கூடை போடுங்கன்னு சொன்னேன். நாலு நாளா வானம் மூடிக் கிடக்கு. மூட்டையைத் தூக்கத் தெரிஞ்ச மனுஷனுக்குத் தலையைத் தூக்கி மேல பாக்கத் தெரியாதா?”

கணவன் இடுப்பளவு நீரில் நின்று, வாளியால் மொண்டு, உயரத் தூக்கிக் குளத்திலேயே திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தான். இப்போதுதான் விடிந்திருந்தது. குளம் முழுக்கக் கெண்டைகள் மேலே வந்து வாய் பிளந்தன. பதினோரு மாதம் அவள் தவிடும் பிண்ணாக்கும் பிசைந்து போட்டு வளர்த்தவை. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அடுத்த வாரம் வலை இழுப்பதாக இருந்தார்கள். எரு அழுகி, தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் ஒரே இரவில் தின்று தீர்த்திருந்தது.

“வாளியால எத்தனைக்கு மூச்சு குடுப்பீங்க? உங்க அண்ணன்கிட்ட மோட்டாரைக் கேளுங்க. தண்ணியை இழுத்து மழை மாதிரி அடிச்சா பாதியாவது பிழைக்கும்.”

“அவன் வாசல்ல போய் நிக்கிறதுக்கு என்னை வெட்டிப் போடு.”

“உங்களை வெட்டினா ஒரு கிலோகூடத் தேறாது.”

அவள் கரையேறி நடந்தாள். முழங்கால்வரை சேறு. கோபம் முதலில் அவன்மேல்தான் இருந்தது. வரப்பின் பாதியில் அது அவள் பக்கமே திரும்பியது. போன வருடம் கணவனின் அண்ணன் குளத்தில் மீனெல்லாம் வெள்ளையாக மிதந்தபோது, “அண்ணே, எல்லாம் மல்லாக்கப் படுத்து வெயில் காயுதா?” என்று கணவன் இந்தக் கரையிலிருந்து கத்தினான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இவளும் சிரித்தாள். செத்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த ஓரகத்தி ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இப்போது ஓரகத்தி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கொட்டகையில், குழாயைச் சுருட்டித் தலையில் வைத்தபடி மோட்டார் நின்றது.

“அக்கா...”

“எல்லாம் காதுல விழுந்துச்சு.” பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உன் வீட்டுக்காரனுக்குத்தான் அவ்வளவு பெரிய வாய் இருக்கே. குளத்துல குனிஞ்சு ஊதச் சொல்லு.”

“அவர் மட்டுமில்லக்கா, நானும்தான் சிரிச்சேன்.” அவள் சேற்றுக் காலோடு ஓரடி முன்னால் வந்தாள். “திட்டணும்னா திட்டுங்க, அறையணும்னா அறைங்க. சாயங்காலம் வந்து இதே இடத்துல நிக்கிறேன். இப்ப நேரமில்ல. வெள்ளிக்கெண்டையெல்லாம் சாய ஆரம்பிச்சிடுச்சு.”

ஓரகத்தியின் கை நின்றது. நாரிலிருந்து சாம்பல் தண்ணீர் சொட்டியது.

“அந்த மீனுங்க உங்களைப் பாத்துச் சிரிக்கலக்கா. மோட்டாரைக் குடுங்க.”