சத்தம் போடாத பிக்கப்

என் பெயர் செதுன்யா. எங்கள் மொழியில் அதற்குப் பூ என்று அர்த்தம். தோல் சட்டைக்காரர்கள் நடுவில் பூ என்று சொல்லிக்கொண்டு நிற்க முடியுமா? நானே எனக்குக் கருங்கொம்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் கன்சியில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் கிடையாது. வாரம் முழுக்க மாட்டு லாரி ஓட்டுகிறவள், சனிக்கிழமையானால் உச்சி முதல் பாதம் வரை கறுப்புத் தோல் உடுத்தி, கலஹாரி வெயிலில் வேர்த்து ஊற்ற ஹெவி மெட்டல் வாசிக்கிறாள் என்றால் ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? இந்த நாட்டில் கிட்டார்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுருதியை இறக்கிக் கட்டிய தடித்த கம்பியில் என் வேகத்துக்கு வலது கையை ஓட்டுகிறவர்கள், ஆண்களையும் சேர்த்தே சொல்கிறேன், ரொம்பக் குறைவு. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அப்படிப்பட்ட என்னை, போன வருஷம் மவுன் நகரத்தில் நடந்த மெட்டல் கூட்டத்தில், மேடையை விட்டு இறங்கியதும் ஓட்டெங் எல்லோர் முன்னாலும் திட்டினார். ஓட்டெங் எங்கள் குழுவின் டிரம்ஸ்காரர், தலைவரும் அவர்தான். ஒத்திகை நடப்பது ஊருக்கு வெளியே அவருடைய மாட்டுப்பட்டியில். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியும் ஜெனரேட்டரும் அவருடையவை. அன்று மேடையில் முதல் பாட்டிலேயே நாங்கள் சிதறிப்போனோம். அவர் ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓட, பாஸ் கிட்டாரோடு பாடுகிற மோவாகி தாயைத் தொலைத்த கன்று மாதிரி நடுவில் நின்றான். பட்டியில் பாறை மாதிரி நிற்கிற அதே பாட்டுகள்தான். வெளியூர் மேடை என்றாலே எங்களுக்கு இப்படி ஆகிவிடும்.

"எல்லாம் இவ கிட்டாரால வந்தது," என்றார் ஓட்டெங். "தேவாலயத்துல ஸ்தோத்திரம் வாசிச்ச கிட்டாரைத் தூக்கிட்டு வந்து மெட்டல் வாசிக்கிறா. கொசு மாதிரி ஙொய்ங்குது. நான் எதைக் கேட்டுத் தட்டுறது?"

"ர்ரா, என் கையில குறை இருந்தா சொல்லுங்க," என்றேன். ஆத்திரத்திலும் பெரியவருக்கு உரிய ர்ராவை நான் விடுவதில்லை.

"கையைச் சொல்லல. பிக்கப்பைச் சொல்றேன். அடுத்த கூட்டத்துக்குள்ள மாத்து. இல்லன்னா துஸோ வந்து உன் இடத்துல நிப்பான்."

துஸோ அவருடைய அக்கா மகன். தலைநகர் கபரோனில் வேலை, பளபளக்கும் புதுக் கிட்டார், கைதான் கொஞ்சம் மந்தம். அவன் என் இடத்தில் நிற்பதை நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் பிக்கப் விஷயத்தில் அவர் சொன்னதில் பாதி உண்மை. கம்பிகளுக்கு அடியில் காந்தமும், காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செப்புக் கம்பியுமாக உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் பிக்கப். கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புவது அதன் வேலை. என் கிட்டாரில் கழுத்துப் பக்கம் ஒன்று, கை தட்டுகிற பக்கம் ஒன்று. மெட்டல்காரருக்குக் கைப்பக்கத்துப் பிக்கப்தான் உயிர். என்னுடையவை இரண்டும் ஒற்றைச் சுருள். ஒற்றைச் சுருளுக்கு நல்லது கெட்டது தெரியாது, பக்கத்தில் எந்த மின்சாரம் இருந்தாலும் இழுத்து ஆம்பில் கொட்டும். ஜெனரேட்டரின் உறுமல், பட்டியை ஒட்டிய வெல்டிங் பட்டறையின் சீறல், பட்டியைச் சுற்றிச் சிங்கத்துக்குப் போட்ட மின்வேலியின் டிக் டிக், எல்லாம் என் வாசிப்போடு சேர்ந்து வரும். இரட்டைச் சுருள் அப்படியில்லை. ஒரு சுருள் இழுத்த குப்பையை இன்னொன்று தள்ளிவிடும்.

பிக்கப் மாற்றப் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். மோவாகி பேட்டரியில் ஓடுகிற பிக்கப் வாங்கச் சொன்னான்.

"பாதிப் பாட்டுல பேட்டரி செத்தா?"

"வேற போடு."

"கன்சியில அந்தச் சதுர பேட்டரி எந்தக் கடையில இருக்கு, காட்டு பார்ப்போம்."

ஓட்டெங்குக்கு ஒரே ஒரு கணக்கு. "எது ரொம்பச் சத்தமோ அதை வாங்கு. காளை வாங்குறவன் எடையைத்தான் பார்ப்பான்."

எல்லை தாண்டி விண்ட்ஹூக் பக்கம் சுமை கிடைத்த வாரம், கிட்டாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கடையில் வெவ்வேறு பிக்கப் பூட்டிய கிட்டார்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒற்றைச் சுருளின் குழிக்குள்ளேயே இரண்டு சுருளை ஒடுக்கி வைத்த பிக்கப்புகளும் இருந்தன. அதை வாங்கினால் மரத்தைக் குடைய வேண்டாம். முதலில் இருப்பதிலேயே முரட்டுப் பிக்கப்பை எடுத்தேன். ஒரு தட்டுத் தட்டினேன், எருமை முட்டியது போலிருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சந்தோஷச் சிரிப்பு. அப்புறம் தடித்த கம்பியில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு என் வேகத்துக்கு ஓட்டினேன். அவ்வளவுதான், ஆறிப்போன களி மாதிரி எல்லாத் தட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நான் வாசித்தேனா, வேறு யாராவது வாசித்தார்களா, அதில் தெரியாது.

அடுத்தது சாதுவான பிக்கப். சத்தம் குறைவு. ஆனால் நாலு தட்டுத் தட்டினால் நாலாகக் கேட்டது. ஒரு தட்டுக் கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுத்தது. எனக்குப் பிசகாது, அதனால் பயமில்லை.

"மெட்டலுக்கு இதை யாரும் வாங்க மாட்டாங்களே அக்கா," என்றாள் கடைப் பெண்.

"வாங்குறவ வந்துட்டேன்ல, கட்டு."

கனத்தை ஆம்ப் கொடுத்துக்கொள்ளும். கை செய்ததைப் பொய் கலக்காமல் சொல்ல ஒன்று வேண்டும். மவுனில் சிதறியதைப் பார்த்து என் கையைச் சந்தேகப்பட்டவர்களுக்கு அதைத்தான் காட்ட நினைத்தேன்.

லாரி ஒயர்களை ஒட்டுகிற சால்டரிங் அயர்னால் நானே பழைய பிக்கப்பைக் கழற்றிப் புதியதை ஒட்டினேன். கைப்பக்கம் மட்டும்தான் மாற்றினேன். கழுத்துப் பக்கத்துப் பழசைத் தொடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பட்டியில் ஆம்பைப் போட்டதும் மோவாகி காதைத் தீட்டினான். "ஆம்ப் ஓடுதா?" என்றான். உறுமல் இல்லை, சீறல் இல்லை, டிக் டிக் இல்லை. நான் ஒரு தட்டுத் தட்டியதும் தண்ணீர்த் தொட்டியில் நின்ற மாடுகள் தலையைத் தூக்கின. அந்த நிமிஷம் என்னைப் போல் சந்தோஷப்பட்டவள் யாரும் இருந்திருக்க முடியாது.

முதல் பாட்டைத் தொடங்கினோம். பாதி தாண்டவில்லை, சிதறிப்போனோம். மறுபடி தொடங்கினோம், மறுபடியும் அதே கதை. மவுன் மேடையில் ஆனது இப்போது சொந்தப் பட்டியிலேயே ஆனது.

ஓட்டெங் குச்சிகளைத் தரையில் போட்டார். "சத்தமா வாங்குன்னு சொன்னேன். சாது மாட்டை ஓட்டிட்டு வந்திருக்கா. துஸோவுக்குச் சொல்லிட வேண்டியதுதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இன்னொரு தடவை எண்ணுங்க ர்ரா," என்றேன். எண்ணினார். ஆத்திரத்தில் வீசித் தட்டியபோது கை பட்டு, பிக்கப்பை மாற்றுகிற ஸ்விட்ச் கழுத்துப் பக்கம் போய்விட்டது. பழைய பிக்கப் விழித்துக்கொண்டது, அதோடு உறுமலும் டிக் டிக்கும் வந்தன. என்ன அதிசயம், ஓட்டெங்கின் தாளம் ஆணி அடித்தது போல் நின்றது. பாட்டு முழுசாக முடிந்தது.

"பாத்தியா? இதான் வேணும்," என்றார்.

அடுத்த பாட்டின் நடுவில் வேண்டுமென்றே ஸ்விட்சைத் தள்ளினேன். புதுப் பிக்கப் வந்தது, ஓட்டெங் தடுமாறினார். திருப்பித் தள்ளினேன், பழசு வந்தது, நிமிர்ந்தார். என் கை இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிக்கப் மாறினால் டிரம்ஸ்காரரின் வேகம் ஏன் மாற வேண்டும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மோவாகி, போய் வேலியை அணை."

"சிங்கம் வந்தா?"

"மத்தியானத்துல எந்தச் சிங்கம் வருது? அணைடா."

அணைத்தான். பழைய பிக்கப்பிலேயே தொடங்கினேன். உறுமல் இருந்தது, சீறல் இருந்தது, டிக் டிக் மட்டும் இல்லை. ஓட்டெங் பத்து மூச்சு தாங்கவில்லை, வேகம் தவறிவிட்டார். மோவாகி வேலியைப் போட்டான், ஓட்டெங் மறுபடி பாட்டோடு ஒட்டிக்கொண்டார்.

அவருக்கும் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் என் கிட்டார் வழியாக வந்த வேலித் துடிப்பை வைத்தே அவர் கை நடந்திருக்கிறது. ஒரு டிக்குக்கு நாலு அடி. அவரே அறியாமல் பழகிப்போன பழக்கம். மவுனில் வேலி இல்லை, அதனால் வேகமும் இல்லை. மற்ற குழுக்காரர்கள் எங்களிடம் ஒரே பாட்டுக்கு ஒன்பது பெயர் இருக்கிறது என்று கிண்டல் செய்வார்கள். செய்யாமல் என்ன செய்வார்கள்? எல்லாப் பாட்டும் மாட்டுவேலி வேகம்.

மோவாகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்போ நம்ம தலைவர் இவர் இல்ல. வேலிதான் தலைவர்."

"வாயை மூடு," என்றார் ஓட்டெங். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "துஸோ கிட்டாருல டிக் வருமா?"

"வராது ர்ரா. அது இரட்டைச் சுருள். அவனைக் கூப்பிட்டாலும் நீங்க சிதறத்தான் போறீங்க."

"அப்போ நான் எதைக் கேட்டுத் தட்டுறது?"

இந்தக் கேள்வியைப் போன வருஷம் மவுனில் ஊர் முன்னால் என் மேல் எறிந்தார். இப்போது நிஜமாகவே கேட்டார்.

"ஸ்டூலை இப்படித் திருப்பிப் போடுங்க. என் வலது கையைப் பாருங்க, காதையும் கொடுங்க. ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக் கேக்கும். அதுக்குத்தான் இந்தப் பிக்கப்."

அவ்வளவு சுலபமாக யார் ஒத்துக்கொள்வார்கள்? "நான் குழு ஆரம்பிச்சப்ப நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்த," என்று முணுமுணுத்தார். ஸ்டூலை மட்டும் லேசாகத் திருப்பினார். அடுத்த வாரங்களில் சில நாள் என் கையைப் பார்ப்பார், அன்று பாட்டு சிதறாமல் நிற்கும். சில நாள் வீம்புக்கு வானத்தைப் பார்ப்பார், அன்று விழும். துஸோவையும் விடவில்லை. "மவுனுக்குக் கிட்டாரோட வா. முதல் பாட்டு உடைஞ்சா நீ மேடை ஏறு," என்று சொல்லி வைத்திருந்தார். அதை என்னிடம் மறைக்கவும் இல்லை.

மவுனில் இந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. தோல் சட்டை, சங்கிலி, மாட்டுக்கொம்பு சகிதம் தெரு நீளத்துக்கு ஊர்வலம் போனோம். எதிரே வந்த தோழர்கள் கையைப் பிடித்து எலும்பு நொறுங்கக் குலுக்கினார்கள். மேடை ஓரத்தில் துஸோ கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க," என்றான்.

"நெனைக்கல. கிட்டார் கனமா இருக்கும், கீழ வச்சுக்கோ."

ஏறினோம். ஆம்ப் மௌனமாக இருந்தது. கூட்டம் போன வருஷத்தை மறக்கவில்லை. முன்வரிசையில் ஒருவன் எங்கள் பாட்டின் ஒன்பது பெயர்களையும் விரல் விட்டு எண்ணிக்காட்டினான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஓட்டெங் எப்போதும் போலக் குச்சிகளைத் தலைக்கு மேல் தூக்கினார். ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று தட்டித் தொடங்குவது தலைவரின் உரிமை. குழு தொடங்கிய நாளிலிருந்து அதை அவர் யாருக்கும் விட்டதில்லை.

தூக்கிய குச்சி தூக்கியபடியே நின்றது. அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. பிறகு கையை இறக்கினார். ஸ்டூலோடு எழுந்து, அத்தனை கூட்டமும் பார்க்க, அதை முழுசாக என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ எண்ணு, கருங்கொம்பு," என்றார். மோவாகியின் மைக் பக்கத்தில் இருந்ததால் அது மைதானம் முழுக்கக் கேட்டது.

பட்டியில் ஒருநாளும் வாசிக்காத வேகத்தில் எண்ணித் தொடங்கினேன். மூன்றாவது தட்டில் அவர் என்னோடு வந்து சேர்ந்துகொண்டார்.