மேல்மடை வீட்டு ரேடியோ

சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது. பாலையா வீடும் கிழக்கே இருக்கிறது. சென்னய்யாவின் மனக்குறை முழுவதும் இதற்குள் அடங்கியிருந்தது.

இருவரும் பாளையம்பட்டியில் அடுத்தடுத்த வீட்டுத் தறிக்காரர்கள். பொழுது சாய்ந்தால் பாலையாவின் ரேடியோவில் சிங்கப்பூர்த் தமிழ் கணீரென்று கேட்கும். சென்னய்யாவின் மனைவி சௌடம்மாளுடைய தம்பி அப்பய்யா அங்கேதான் பிழைக்கப் போயிருந்தான். என்றைக்காவது நேயர் விருப்பத்தில் அக்காள் பேரைச் சொல்லிப் பாட்டுக் கேட்பான் என்று, அவள் தினமும் பாலையா வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் சென்னய்யாவுக்குப் பிடிக்கவில்லை. அது அவன் ஏற்றிய விளக்கல்ல.

அவனும் ஒரு ரேடியோ வாங்கினான். பாலையாவைப் பார்த்துச் செய்தான் என்று ஊர் சொல்லக் கூடாதென்று, ஏரியல் கம்பியைத் தறிக்கொட்டகைத் தகரத்துக்கு அடியில் மறைத்துக் கட்டினான். திருநெல்வேலி கேட்டது. சிங்கப்பூர் வெறும் இரைச்சல்.

மேல்மடைக்காரன் கண்மாய்த் தண்ணீரை வாங்கிக்கொள்ள, கடைமடை காய்வதைப் பார்த்தே வளர்ந்தவன் அவன். கிழக்கேயிருந்து வரும் ரேடியோ அலையையும் பாலையாவின் கம்பிதான் முதலில் குடித்துவிடுகிறது என்று முடிவு கட்டினான். நேரிலேயே கேட்டும் விட்டான்.

"ஏலே, அது வாய்க்கால்ல வரல," என்று பாலையா சிரித்தான். "பூமி உருண்டை. நேரா வந்தா நம்ம தலைக்கு மேல தாண்டிப் போயிரும். அது உசரப் போயி, வானத்துல முட்டி, சாஞ்சு எறங்குது. மழை மாதிரி. உன் கூரைக்கும் பெய்யும், என் கூரைக்கும் பெய்யும்."

"மழையே ஒரு புஞ்சையில பேஞ்சு அடுத்த புஞ்சைய விட்டுட்டுப் போற சீமை இது. ரேடியோ மட்டும் பங்கு வச்சுப் பெய்யுமாக்கும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பய்யா கேட்ட பாட்டு வருகிறது என்று, சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் சொல்லியிருந்தார். அன்றைக்குச் சௌடம்மாள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுலயே கேக்கலாமே," என்றான் சென்னய்யா.

"இதுலயா? இது முறுக்குச் சுடுற சத்தமுல்ல போடுது."

அவள் புறப்படுவதற்குள் அவன் கொல்லை வழியாகப் போய், பாலையாவின் கம்பியில் ஒரு நீளத்தை வெட்டிச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டான். தன் ரேடியோவைப் போட்டான். இரைச்சல். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நேரமாகும் என்று காத்திருந்தான். இரைச்சல் அப்படியே இருந்தது.

சௌடம்மாள் பாலையா வீட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அங்க கம்பி அந்து போச்சு. நம்மதுல வைங்க." பக்கத்தில் உட்கார்ந்து காதைச் சாய்த்தாள். அந்த ரேடியோ வாங்கிய நாளிலிருந்து அவள் இப்படி உட்கார்ந்ததில்லை.

சற்று நேரம் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம கம்பி எங்க?"

"தகரத்துக்குக் கீழ."

"வானத்துலருந்து எறங்குறதுக்குத் தகரத்த மூடியா போட்டு வச்சிருக்கீக?" வெளியே பார்த்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. "இது கூரை மேல எட்டாது. இன்னும் ஒரு துண்டுக் கம்பி கெடச்சாப் போதும், மேல கட்டிரலாம். நேரம் இருக்கு. யார்ட்டயாச்சும் கேட்டு வாங்க."

குனிந்திருந்த அவன் இடுப்பில் கம்பி முனை குத்தியது. எழுந்தால் தெரிந்துவிடும். அவன் எழவில்லை. குமிழைத் திருகிக்கொண்டே இருந்தான், வெளியே வெளிச்சம் முழுவதும் போகும்வரை.