சந்தோஷத்தில்தான் கை தேடும்

கார் பின்னால் வழுக்குகிறது, ஓரடி, இன்னும் ஓரடி, ஆனைகட்டி மலைச்சாலையின் வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இலையெல்லாம் உதிர்த்துச் சிவக்கச் சிவக்கப் பூத்து நிற்கும் முள்ளிலவு, பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அலறவிட, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஷமீம் டாக்டர் யா அல்லா என்று கண்ணை மூடிக்கொண்டுவிட்டார், பக்கத்து சீட்டில் இருந்த வசுமதியின் கால் தனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் மெத்தென இறங்கியது, கார் நின்றது. வசுமதி கோவையில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள், நாற்பதைத் தாண்டியவள், இத்தனை வருஷத்தில் இப்படி வழுக்கிய கார்களுக்குக் கணக்கில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் இந்த நொடியில் அவளுக்குள் ஏதோ ஒன்று குதித்து எழுகிறது. கண்ணத் தொறங்க டாக்டரம்மா, ஒண்ணும் ஆகலீங்க, பஸ்காரரு கத்தட்டும், அவருக்கு அதுதான் வேலை, கிளச்ச மெல்ல விடுங்க, வண்டி உறுமும், மூக்கு லேசாத் தூக்கும், அப்ப நான் பிரேக்க விட்டுருவேன், நீங்க ஆக்ஸிலேட்டரக் குடுங்க என்று சொல்லும் தன் குரலை அவளே அதிசயமாகக் கேட்கிறாள், எவ்வளவு நிதானம், எவ்வளவு தெளிவு, மற்றவர்கள் பதறும் நேரத்தில்தான் அவள் தலைக்குள் எல்லாம் அடங்கும், மற்ற நேரமெல்லாம் அங்கே உக்கடம் பஸ் ஸ்டாண்டு, ஒவ்வொரு கண்டக்டரும் ஒவ்வொரு ஊரைக் கூவுவார்கள், பாலக்காடு பொள்ளாச்சி பழனி என்று, அவள் எல்லா பஸ்ஸிலும் ஒரு கால் வைத்து எந்த ஊருக்கும் போய்ச் சேராமல் நின்றுகொண்டிருப்பாள்.

அந்தக் கூவல் முதல்முதலாக நின்றது பாலிடெக்னிக் ஹாஸ்டலின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பரீட்சைக்கு முந்தைய சாயங்காலம், அறைத்தோழி ஜெனிட்டா சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பாருடீ என்று சிகரெட்டை நீட்டினாள், இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஜெனிட்டா சிரித்தாள், ஆனால் கீழே வந்து புத்தகத்தைத் திறந்தால் வரிகள் வரிகளாகவே இருந்தன, முதல் வரி முடிந்ததும் இரண்டாவது வரி வந்தது, ஐயோ இப்படித்தான் எல்லோரும் படிக்கிறார்களா, இவ்வளவு சுலபமா இது, என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒளிவுதான், துப்பட்டாவில் வாசனை, கைப்பையில் கிராம்பு, கல்யாணம் முடிந்து குளியலறை ஜன்னல், மகன் பிறந்து கொஞ்சநாள் நிறுத்தம், பிறகு மறுபடியும் ஜன்னல், அங்கேதான் ஒருநாள் குழந்தைவேல் கதவைத் தட்டினான். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன் அவள் புருஷன், மகன் பிறந்த அன்று பீடியை விட்டவன், அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், நான் ஒரே நாள்ல உட்டேன் புள்ள, நீ மனசு வெச்சா முடியாதா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான், அந்தக் கேள்வி அவளோடேயே குடியிருக்க ஆரம்பித்தது.

மனசு வைக்காமலா இருந்தாள், பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டாள், போட்ட கையாலேயே எடுத்தாள், சூயிங்கம் மென்று தாடை வலித்தது, மருதமலையில் சத்தியம் செய்தாள், அப்பா செத்த வாரம் முழுக்க ஒன்றைக்கூடத் தொடவில்லை, துக்கத்தில் அவள் கெட்டிதான், சந்தோஷத்தில்தான் கை தேடும். வசுமதி டிரைவிங் ஸ்கூல் என்று சிவப்பில் எழுதிய முதல் கார் ஷெட்டை விட்டு வெளியே வந்த அன்று, மகன் நீச்சலில் மாநில அளவுக்குத் தேர்வான அன்று, மார்க்கெட்டுக்குக்கூடத் தனியாகப் போகாத ஒரு அம்மாள் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்த அன்று, சந்தோஷம் வந்தால் அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் பெட்டிக்கடைக்கு ஓடியிருக்கிறாள், ஒன்று பற்றவைத்ததும் போச்சு, இனி என்ன, நான் இப்படித்தான் என்று முழுப் பாக்கெட்டையும் வாங்கியிருக்கிறாள்.

இந்த ஷமீம் டாக்டர் மனநல மருத்துவர், சாலையைக் கண்டால் பதறும் மனநல மருத்துவர், வகுப்புக்கு வந்த புதிதில் காரைவிட வசுமதியைத்தான் அதிகம் கவனித்தார், இவளோ இரண்டாம் கியரைச் சொல்லிக்கொண்டே மகனின் நீச்சல் பேச்சுக்குப் போய், அதிலிருந்து பூண்டு விலைக்குப் போய், வலதா இடதா என்று கேட்டால் எங்கே போகிறோம் என்பதையே மறந்து நிற்பாள். ஒருநாள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, வசு, கோவிச்சுக்காதீங்க, சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா, ஸ்கூல்ல உக்கார முடியாதா, அடுப்புல பால வெச்சுட்டு மறந்துருவீங்களா, என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், கூடவே இருந்து பார்த்த மாதிரிக் கேட்கறீங்களே என்று இவள் வாயைப் பிளந்தாள், நான் உங்ககிட்டக் கத்துக்கறவ, நானே வைத்தியம் பாக்கறது சரியில்ல, என்னோட சிநேகிதி ஒரு டாக்டர் இருக்காங்க, போய்ப் பாருங்க என்று அனுப்பி வைத்தார். அந்த டாக்டர் பேசிப் பேசி, கேட்டுக் கேட்டு, கடைசியில் ஏடிஹெச்டி என்றார், கவனம் ஓரிடத்தில் நிற்காத மூளை, பிறந்ததிலிருந்தே அப்படி, சிகரெட்ல இருக்கற நிகோடின் அத கொஞ்சநேரம் உக்கார வைக்குது, அதனால உங்கள மாதிரி ஆளுகளுக்கு விடறது மத்தவங்களவிடக் கஷ்டம், மனசு வெக்காததனால இல்லீங்க என்றார். கடைசி வார்த்தைகளை இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அன்றைக்கு அவள் நடக்கவில்லை, பறந்தாள், பட்டறைக்குள் மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்தினாள், இதுக்குப் பேரு இருக்குதுங்க, ஏனுங்க, கேக்குதுங்களா, பேரே இருக்குது, குழந்தைவேல் செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான், அப்ப அது திமிரு இல்லயா என்றான், இல்லீங்க என்றாள், அப்பச் சரி என்றான், அவ்வளவுதான் பேசினான், அன்று வீட்டுக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தான். மாத்திரை ஆரம்பித்து தலைக்குள்ளிருந்த பஸ் ஸ்டாண்டில் பாதிக் கண்டக்டர்கள் சாப்பிடப் போனார்கள், பொங்கலுக்குப் பிறகு அவள் ஒன்றையும் தொடவில்லை.

வண்டி உறுமுகிறது, மூக்கைத் தூக்குகிறது, இப்ப இப்ப இப்ப என்று வசுமதி காலை எடுக்க, கார் வழுக்கவில்லை, ஏறுகிறது, தானாக ஏறுகிறது, ஷமீம் டாக்டர் பள்ளிக்கூடப் பெண் மாதிரிக் கீச்சிட, இவளும் கீச்சிட, தாண்டிப் போன பஸ்ஸின் ஜன்னல்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்க, ஒவ்வொரு வளைவாக ஏறி ஆனைகட்டி டீக்கடை முன்னால் போய் நிற்கிறார்கள். வசு, நான் மலையேறிட்டேன், நானே ஏத்திட்டேன் வசு, என்று சொல்லிக்கொண்டே டாக்டர் தன் தம்பிக்குப் போன் போடுகிறார், வசுமதி காரை விட்டு இறங்குகிறாள், காற்று சில்லென்று அடிக்கிறது, எல்லா மரமும் பூத்திருக்கிறது, இவ்வளவையும் என்ன செய்வது, எங்கே வைப்பது, கால்கள் கடைக்குப் போய்விட்டன, அண்ணா ஒரு ஃபில்டர் என்று வாய் கேட்டுவிட்டது, கயிற்று நெருப்பில் பற்றவைத்தும் ஆகிவிட்டது. கசக்கும் என்று எதிர்பார்த்தாள், கசக்கவில்லை, அருமையாக இருந்தது, அதுதான் கொடுமை, கடைசிவரை இழுத்து, மிதித்து அணைத்து, தலையைத் தூக்கினால் ஷமீம் டாக்டர் இரண்டு டீ கிளாஸோடு நிற்கிறார். போச்சுங்க டாக்டரம்மா, எல்லாம் போச்சு என்றாள் வசுமதி. என்ன போச்சு, பொங்கலுக்கப்புறம் சும்மா இருந்த நாளெல்லாம் எங்கயும் போயிரல, அது உங்களுதுதான், இன்னிக்கு ஒண்ணு குடிச்சிருக்கீங்க, அவ்வளவுதான், டீயப் புடிங்க, சுடுது என்றார் டாக்டர். அந்த அவ்வளவுதானை வசுமதி டீயோடு சேர்த்து மெதுவாக விழுங்கினாள், அவளுக்குத் தெரிந்த அவ்வளவுதான் வேறு, அது கதவைச் சாத்தும், இது திறந்துவிட்டது, உடனே, யோசிக்கும் முன்பே, போனை எடுத்தாள்.

ஏனுங்க, நான் ஒண்ணு குடிச்சுட்டேனுங்க, இப்பத்தான், நீங்களாக் கண்டுபுடிக்கறதுக்கு முன்னால சொல்லிப்போடறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள், மறுமுனையில் ஒரு மோட்டார் சுற்றி ஓய்ந்தது, இத்தனை வருஷத்தில் அவளாகச் சொல்லி அவன் கேட்பது இதுதான் முதல்முறை. நல்லா இருந்துச்சா, என்றான் குழந்தைவேல். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ரொம்ப நல்லா இருந்துச்சுங்க என்றாள், இருக்கும் புள்ள, எனக்கே இன்னும் மழை பேஞ்சா பீடி நெனப்பு வருது, உங்கிட்டச் சொல்றதில்ல என்றான் அவன், இரண்டு பேரும் சிரித்தார்கள், சரி, மத்தியானத்துக்கு வந்துரு, அரிசியும்பருப்புச் சோறு ஆக்கறேன் என்று வைத்தான். டீக்கடைக்காரர் சில்லறை இல்லீங்கக்கா, மிச்சத்துக்கு இன்னொண்ணு தந்துரட்டுங்களா என்று சிகரெட் டப்பாவில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். கடலமிட்டாய் குடுங்கண்ணா, நெறையாக் குடுங்க என்றாள் வசுமதி, இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, ஒன்றைக் கடித்து, காதுக்குள் நொறுநொறுவென்று சத்தம் கேட்க, காரை நோக்கி ஓடினாள்.