பொங்காத கல்

1

இந்தக் கதைக்கு மூலம் என் ஜன்னலில் கிடக்கும் ஒரு கல். காகிதம் பறக்காமலிருக்க வைத்தேன். அப்போது சாம்பல் நிறம். ஒரு மழைக்காலம் முழுக்கச் சாரல் பட்டதில் பழுப்பேறிவிட்டது. (கதை எழுத அவ்வளவு நாளா என்று கேட்காதீர்கள்.) முதல் வரியில் ‘சாம்பல்’ என்று எழுதியிருந்தேன், அடித்தாயிற்று.

2

‘கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன், இருண்ட சதுப்பின் அடியில், இரும்பானது...’

வேண்டாம். படித்தால் நீங்களே கல்லாகிவிடுவீர்கள். சுருக்கம் இதுதான்: காற்றுப் புகாத சேற்றில், நீரில் கரைந்திருந்த இரும்பு கார்பனேட்டோடு சேர்ந்து கல்லாகிறது. பிற்பாடு காற்றும் மழையும் பட்டால் துரு ஏறுகிறது.

3

சொட்டு அக்கா கற்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். கல்லின்மேல் அமிலம் ஒரு சொட்டு விடுவாள். நுரைத்தால் கார்பனேட் உண்டு. பன்னிரண்டு வருடமாக அவள் அறிக்கை ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. (அதை அவள் சொல்லாத நாளும் இல்லை.)

புது மருத்துவமனையின் முகப்புக்கான கல்லில் நுரையே வரவில்லை. ‘கார்பனேட் இல்லை, சுவருக்கு உகந்தது’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அமிலக் குப்பியைக் கவனமில்லாமல் ஆய்வுக்கூடத்துச் சூடான அடுப்புத் தட்டின் ஓரம் வைத்திருந்தாள். சூடேறிய அந்த அமிலத்திலிருந்து மருத்துவமனைக் கல்லின் மீதித் துண்டின்மேல் ஒரு சொட்டு விட்டாள். கல் பொங்கியது. இரும்புக் கார்பனேட் குளிர்ந்த அமிலத்துக்கு மசியாது, சூடு காட்டினால்தான் வாய் திறக்கும். படித்த பாடம்தான், ஏசி குளிரில் மறந்துவிட்டது.

4

அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்த பொறியாளர், சொட்டு அக்காவின் நாத்தனார். (முதலில் யாரோ ஒருவராக எழுதினேன். கதை சப்பென்றிருந்தது.) அக்கா மடித்த துணியில்கூடச் சுருக்கம் தேடுகிறவர். அவரே போனில் வந்தார்.

“அண்ணி, பதினோரு மணிக்குக் கல் ஒட்ட ஆரம்பிக்கிறாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானே கையெழுத்துப் போட்டுட்டேன். ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

5

முடிவு ஒன்று: அக்கா உண்மையைச் சொல்கிறாள். நாத்தனார் ஆயுசுக்கும் குத்திக்காட்டுகிறார்.

முடிவு இரண்டு: அக்கா மழுப்புகிறாள். சுவரெல்லாம் பழுப்பு வடிகிறது, நாத்தனாரின் வேலை போகிறது. இதுதான் சிரிப்பு என்று நினைத்து எழுதினேன். வரவில்லை. அந்தப் பெண் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அண்ணியை நம்பியிருக்கிறாள். எனக்குப் பாவமாகப் போயிற்று.

ஆகவே, போனை உங்கள் கையில் கொடுக்கிறேன். மணி பத்தே முக்கால். மழுப்பினால் என்றாவது அந்தச் சுவரே சொல்லிவிடும், என் ஜன்னல் கல் என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி.

“அண்ணி... லைன்ல இருக்கீங்களா?”