மேக்கப்காரரின் முகப்பரு

அறுபது தாண்டிய வயதில் மேக்கப்காரருக்கு முகப்பரு வந்தது. ஒன்று இரண்டல்ல. நெற்றியில் ஒரு கூட்டம், மூக்கில் ஒரு மாநாடு.

"வயசுப் பையன் தோத்தான் போங்க," என்றாள் மனைவி. "இனி காதல் கடிதாசி வர்றதுதான் பாக்கி."

மேக்கப்காரர் சிரிக்கவில்லை. கணையத்தில் கடை போட்ட புற்றுநோய் கல்லீரலில் கிளையும் திறந்துவிட்டிருந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை என்று கையை விரித்த டாக்டரம்மா, இரண்டு ஆட்களை உள்ளே ஏவியிருந்தார். ஒன்று, வாரா வாரம் கையில் ஏறும் கீமோ. கண்ணில் பட்டவனையெல்லாம் வெளுக்கும் முரட்டு அடியாள். இன்னொன்று, தினமும் விழுங்கும் மாத்திரை. அடையாளம் பார்த்து அடிக்கும் கில்லாடி. பரு அந்தக் கில்லாடியின் உபயம்.

அதை வெளியே காட்டத்தான் பயம். கீமோ ஏறும்போது பக்கத்து நாற்காலிக்காரர் காதைக் கடித்திருந்தார்.

"வயித்தால போகுதுன்னு வாய விட்டேண்ணே. என் மாத்திரைய நிறுத்திட்டாங்க. எது கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க."

மாத்திரை நின்றால் முரடன் மட்டும்தான் துணை. மைத்துனனோ நலம் விசாரிக்க வந்த சாக்கில் அவருடைய மேக்கப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சாக மேக்கப்காரருக்குத் துளியும் இஷ்டமில்லை.

டாக்டரைப் பார்க்கும் நாள். கிழட்டு நடிகர்களைக் குமரன்களாக்கிய கை சும்மா இருக்குமா? கிரீம், அதன்மேல் பூச்சு, அதன்மேல் பவுடர். பருக்கள் போன இடம் தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட போறோமா, பொண்ணு பாக்கப் போறோமா?"

"தொழில்ல தலையிடாத."

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். மேக்கப்காரர் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஸ்கேனைப் பார்த்தார்.

"கட்டி வளரல. ஆனா குறையவும் இல்ல, ஐயா. முகத்துல பரு ஏதாச்சும் வந்துச்சா?"

"சேச்சே. நல்லா இருக்கேம்மா."

"அதான் யோசனையா இருக்கு. இந்த மாத்திரை வேலை செய்றவங்களுக்குப் பெரும்பாலும் பரு வரும். உங்க முகம் பளிங்கா இருக்கு. எதுக்கு வீணா? மாத்திரைய நிறுத்திடலாம்."

பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது.

காட்டினாலும் நிறுத்துவார்கள், மறைத்தாலும் நிறுத்துவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"எழுதாதீங்கம்மா," என்றாள் மனைவி. கைப்பையிலிருந்து, மேக்கப் கலைக்கும் கோல்டு கிரீம் டப்பாவை எடுத்துக் கணவர் முன்னால் வைத்தாள். "வேஷத்தைக் கலைங்க."

அவர் கலைத்தார். முதலில் மூக்கு. பிறகு நெற்றி. சிவந்து, சீழ் கோத்து, மாநாடு முழுசாக வெளியே வந்தது.

டாக்டரம்மா நாற்காலியை அவர் அருகே நகர்த்திக்கொண்டு, புதையல் கண்டவரைப்போல் ஒவ்வொரு பருவாகப் பார்த்தார்.

"இந்த மூஞ்சியப் பாத்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மொத பொம்பள நீங்கதாம்மா," என்றாள் மனைவி.

"பரு வந்தா கேரண்டின்னு அர்த்தம் இல்ல," என்றார் டாக்டரம்மா. "ஆனா நல்ல அறிகுறி. மாத்திரை தொடரட்டும். பூச்சு மட்டும் வேணாம், புண்ணாகிடும். தடவிக்க ஒரு களிம்பு தர்றேன்."

மேக்கப்காரர் சந்தேகத்தோடு களிம்புக் குழாயைப் புரட்டினார்.

"இதைத் தடவினா பரு போயிடாதேம்மா?"

வீட்டு வாசலில் மைத்துனன் காத்திருந்தான். மாமனின் முகத்தைக் கண்டு ஓரடி பின்வாங்கினான்.

"என்ன மாமா இது?"

"பெட்டி இப்போதைக்குக் கிடைக்காதுன்னு அர்த்தம்," என்றார் மேக்கப்காரர்.